மரவேலைக்கு எந்த கேட் (CAD) மென்பொருள்? பாராமெட்ரிக், ஃப்ரீஃபார்ம்: ஓர் எளிய விளக்கம்

கோயம்புத்தூரில் மரவேலை பழக ஆசைப்படும் ஒருவர், "கம்ப்யூட்டரில் டிசைன் போட எதைக் கத்துக்கலாம்?" என்று கேட்டால், வரும் பதில் அவர் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கும். பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருப்பவர், "பாராமெட்ரிக் கத்துக்குங்க, மத்ததெல்லாம் படம் காட்டத்தான் ஆகும்" என்பார். அளவுகளை எண்ணாகவும் விதியாகவும் எழுதி வரைவதுதான் பாராமெட்ரிக். வீடுகளுக்கு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்பவர், "ஸ்கெட்ச்அப் போதுங்க, ரெண்டு நாள்ல பழகிடலாம்" என்பார். இருவருமே அவரவர் அனுபவத்தில் இருந்து உண்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டவருக்குக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

கோவைப் பக்கம் இந்தக் குழப்பம் அதிகமாக இருக்கக் காரணம் உண்டு. பம்ப், மோட்டார், நூற்பாலை இயந்திரம், கிரைண்டர் என்று வளர்ந்த ஊர். சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள். அங்கே கேட், அதாவது கணினியில் டிசைன் போடுவது என்றாலே இயந்திர பாகம் வரைவதுதான். அதனால் பாராமெட்ரிக் என்றால் தொழில்முறை, மற்றவை விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் பரவலாகப் படிந்துவிட்டது. இன்னொரு பக்கம், 'நேராக இருந்தால் பாராமெட்ரிக், வளைவாக இருந்தால் ஃப்ரீஃபார்ம் (கண்ணால் பார்த்து இழுத்து உருவம் செய்வது)' என்று சிலர் எளிமையாக்கிச் சொல்கிறார்கள். இரண்டும் சரியில்லை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் செய்யப்போகும் பொருளில் பின்னால் மாற்றம் வந்தால், அது எண்ணில் வருமா, உருவத்தில் வருமா? இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

திருப்பூர் சைஸ் செட்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட்டுக்கு மீடியம் சைஸில் சாம்பிள் தைத்து, ஆர்டர் கொடுக்கும் பையரிடம் ஓகே வாங்குகிறார்கள். அப்புறம் ஸ்மால், லார்ஜ், எக்ஸ்எல் எல்லாவற்றுக்கும் புதிதாக யாரும் டிசைன் போடுவதில்லை. மெஷர்மென்ட் சார்ட் ஒன்று இருக்கும். சைஸ் ஒன்று ஏறினால் மார்பளவு இவ்வளவு கூடும், நீளம் இவ்வளவு கூடும், கழுத்து ரிப்பின் அகலம் மட்டும் மாறாது என்று அதில் எழுதியிருக்கும். பேட்டர்ன் மாஸ்டர் அந்த விதிப்படி மற்ற சைஸ்களை எடுத்துவிடுவார். அதற்குப் பெயர் கிரேடிங்.

ஆனால் அந்த முதல் டிசைனையே யோசிக்கும்போது வேலை வேறு மாதிரி நடக்கும். துணியை டம்மி (ஆள் உருவப் பொம்மை) மேல் போட்டு, இங்கே ஒரு பின், அங்கே ஒரு மடிப்பு என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருத்துவார்கள். அங்கே சார்ட்டுக்கு வேலையில்லை. கண்ணுக்குப் பிடித்தால் சரி.

பாராமெட்ரிக் மென்பொருள் கிரேடிங் சார்ட்டோடு சேர்ந்த பேட்டர்ன் மாதிரி. எந்த அளவு மாறும், எது மாறக்கூடாது, எது எதைப் பார்த்து மாறும் என்பதெல்லாம் வரைபடத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஃப்ரீஃபார்ம் மென்பொருள் டம்மி மேல் போட்ட துணி. தள்ளலாம், இழுக்கலாம், பார்த்துக்கொண்டே திருத்தலாம். ஏன் இந்த உருவம் வந்தது என்பது கோப்பில் எங்கும் எழுதியிருக்காது.

பாராமெட்ரிக்: உள்ளே நடப்பது என்ன

இப்போது ஒரு புத்தக அலமாரியை எடுத்துக்கொள்வோம். பாராமெட்ரிக் மென்பொருளில் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு சின்னப் பட்டியல் எழுதுவீர்கள். அகலம் 900, உயரம் 1800, ஆழம் 300, தடிமன் 18, உள்தட்டு 4. எல்லாம் மில்லிமீட்டரில், தட்டு மட்டும் எண்ணிக்கை. பெயர் வைத்த இந்த ஒவ்வொரு எண்ணும் ஒரு பாராமீட்டர்.

அப்புறம் வரையும்போது பலகையின் நீளத்தை நேரடியாக எண்ணாகக் கொடுக்க மாட்டீர்கள். தட்டின் நீளம் = அகலம் − 2 × தடிமன் என்று எழுதுவீர்கள். மென்பொருள் 864 என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். தட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியும் அப்படித்தான். உயரத்தில் இருந்து மேல்பலகை, கீழ்ப்பலகை, நான்கு தட்டு ஆகியவற்றின் தடிமனைக் கழித்து ஐந்தால் வகுத்தால் 338.4 வரும். இதோடு 'இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாகவே இருக்க வேண்டும்', 'இந்த முனை அந்தப் பலகையின் விளிம்பைவிட்டு நகரக்கூடாது' போன்ற கட்டளைகளையும் கொடுப்பீர்கள். இவற்றுக்குப் பெயர் கன்ஸ்ட்ரெயின்ட். இந்த யோசனை புதியதல்ல. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவின் எம்ஐடியில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற நிரலிலேயே கோடுகளுக்கு இப்படிக் கட்டளை போட முடிந்தது. தொழிற்சாலைகளுக்குள் இது பரவலாக வந்தது 1980-களின் கடைசியில், ப்ரோ/என்ஜினியர் மென்பொருள் வழியாக.

இதன் அருமை பலகை வாங்கும் நாளில் தெரியும். கடையில் 18 மி.மீ. என்று சொல்லிக் கொடுத்த பிளைவுட்டை வெர்னியர் என்ற நுண்ணளவுக் கருவியில் வைத்துப் பார்த்தால் 17.4 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதைப் பெரிய விஷயமாக எடுக்காமல் விடுகிறவர்கள் உண்டு. ஆனால் பக்கப் பலகையில் காடி (நீளப் பள்ளம்) எடுத்து அதற்குள் தட்டைச் செருகும் வேலையாக இருந்தால், 18-க்கு எடுத்த காடியில் 17.4 தட்டு லொடலொட என்று ஆடும். பாராமெட்ரிக் கோப்பில் தடிமன் என்ற இடத்தில் 17.4 என்று மாற்றினால் போதும். காடியின் அகலம் சுருங்கும், தட்டின் நீளம் (காடிக்குள் நுழையும் பகுதி போக) 864-இல் இருந்து 865.2 ஆகும், இடைவெளி 339.12 ஆகும், பின்பலகையும் கூடவே சரியாகும். கையால் திருத்தினால் எங்கோ ஒரு பலகை கட்டாயம் விட்டுப்போகும். அது வெட்டிய பிறகுதான் தெரியவரும்.

டிராயருக்கும் இதே கதைதான். டிராயர் வழுக்கி ஓடும் வழக்கமான டெலஸ்கோப்பிக் சேனலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இடம் விட வேண்டும். நம் ஆட்கள் 13 என்று விடுவார்கள். டிராயர் பெட்டியின் வெளி அகலம் = உள்வாய் − 26 என்று ஒருமுறை எழுதிவிட்டால், அலமாரி எந்த அகலத்துக்குப் போனாலும் டிராயர் சரியாக உட்காரும்.

இதுவரை பார்த்தது: பாராமெட்ரிக் கோப்பில் உருவத்தோடு சேர்ந்து அந்த உருவம் வந்த கணக்கும் இருக்கிறது. எண்ணை மாற்றினால் கணக்கு திரும்ப ஓடும்.

இழுத்துப் பெரிதாக்குவது இதுவல்ல

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். "எந்த மென்பொருளிலும் ஸ்கேல் பண்ணினா பெரிசாகுமே, அப்புறம் என்ன பாராமெட்ரிக்?" என்று பலர் கேட்கிறார்கள். 900 அகல அலமாரியை அகலவாட்டில் இழுத்து 1200 ஆக்கிப் பாருங்கள். பக்கப் பலகையின் தடிமனும் கூடவே இழுபட்டு 18-இல் இருந்து 24 ஆகியிருக்கும். கைப்பிடிக்குப் போட்ட வட்டத் துளை முட்டை வடிவம் ஆகியிருக்கும். திருப்பூர் மாஸ்டர் கழுத்து ரிப்பை எல்லா சைஸுக்கும் அப்படியே வைப்பது போல, பலகைத் தடிமன் மாறாமல் மற்றவை மாற வேண்டும். பாராமெட்ரிக் அதைச் செய்யும். ஸ்கேல் செய்யாது.

ஆனால் பாராமெட்ரிக் மென்பொருளுக்கும் மரத்தின் பலம் தெரியாது. அகலத்தை 1200 என்று மாற்றினால் எதிர்ப்பில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். தட்டின் நீளம் 864-இல் இருந்து 1164 ஆகும். முழு நீளத்துக்கும் அதே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கினால், நடுவில் தொய்வு மூன்று மடங்குக்கும் மேல் கூடும். தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதுதான் காரணம். நடுவில் ஒரு தாங்கல் பலகை வேண்டும், அல்லது முன்விளிம்பில் ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒட்ட வேண்டும். இதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். 'அகலம் 1000-ஐத் தாண்டினால் நடுவில் ஒரு பலகை' என்று விதி எழுதவும் வழி உண்டு. ஆனால் அந்த விதியை எழுத அது தேவை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே.

பாராமெட்ரிக் எங்கே மாட்டிக்கொள்ளும்

எல்லாவற்றையும் எப்போதும் மாற்றலாம் என்பதும் உண்மையல்ல. பாராமெட்ரிக் மென்பொருள் நீங்கள் செய்த ஒவ்வொரு வேலையையும் வரிசையாக நினைவில் வைத்திருக்கும். முதலில் பலகை, அப்புறம் காடி, அப்புறம் துளை, அப்புறம் விளிம்பு உருட்டல். இந்த வரிசைக்குப் பெயர் ஹிஸ்டரி. சில மென்பொருள்களில் டைம்லைன் என்று திரையின் கீழே ஓடும். முதல் படியை மாற்றினால் அடுத்த படிகள் எல்லாம் மீண்டும் ஒருமுறை செய்யப்படும்.

சிக்கல் இங்கேதான் வரும். நான்காவது படியில் ஒரு விளிம்பை உருட்டியிருப்பீர்கள். இரண்டாவது படிக்குத் திரும்பிப் போய் காடியை வேறு இடத்துக்கு மாற்றும்போது, அந்த விளிம்பே இல்லாமல் போகலாம். அல்லது மென்பொருள் வேறொரு விளிம்பை அதுவென்று எடுத்துக்கொள்ளலாம். உடனே வரிசையில் பிழைக் குறிகள் எரியும், அல்லது துளை தவறான பலகையில் போய் நிற்கும். ஃப்ரீகேட் என்ற இலவசப் பாராமெட்ரிக் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் இதோடு பல வருடம் போராடினார்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இதைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. விளிம்பு உருட்டல், முனை மழித்தல் போன்ற அலங்கார வேலைகளைக் கடைசியில் வையுங்கள். அளவுகளை ஏற்கெனவே செதுக்கிய விளிம்பில் இருந்து எடுக்காமல், பலகையின் மூலையில் இருந்தோ நடுக்கோட்டில் இருந்தோ எடுங்கள். நல்ல ஆசாரி ஒரு பலகையில் குறி போடும்போது எல்லா அளவையும் ஒரே ஓரத்தில் இருந்து எடுப்பார். ஒரு குறியில் இருந்து அடுத்த குறி என்று தாவ மாட்டார். அதே ஒழுங்கு இங்கேயும் வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வைக்கலாம். பாராமெட்ரிக் கோப்பு நீங்கள் எதிர்பார்த்த மாற்றத்தைத்தான் எளிதாகத் தாங்கும். அலமாரியை உயரமாக்கு, அகலமாக்கு என்றால் உடனே முடியும். "அண்ணா, இதே அலமாரிய மூலையில எல் மாதிரி திருப்பிக் குடுத்துருங்களேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் பெரும்பாலும் புதிதாகத்தான் தொடங்க வேண்டும்.

ஸ்கெட்ச்அப் எந்தப் பக்கம்?

பேச்சில் ஃப்ரீஃபார்ம் என்று ஒரே கூடையில் போடப்படும் மென்பொருள்கள் உண்மையில் இரண்டு வகை.

முதல் வகை டைரக்ட் மாடலிங். அதாவது ஹிஸ்டரியும் விதியும் இல்லாமல், கண்முன் இருக்கும் உருவத்தின் ஒரு முகத்தைப் பிடித்து நேரடியாகத் தள்ளுவது, இழுப்பது. ஸ்கெட்ச்அப் இந்த வகை. 2000-இல் வந்தது. 2006-இல் கூகுள் வாங்கியது, 2012-இல் டிரிம்பிளுக்குக் கைமாறியது. இன்டீரியர் வேலைக்காரர்கள் இதை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சமையலறையை எழுப்பிக் காட்டலாம். "கொஞ்சம் தள்ளி வைங்க", "மேல ஒரு லாஃப்ட் வரட்டும்" என்றால் அந்த நிமிடமே செய்யலாம். வேலைத்தளத்தில் இந்த வேகத்துக்கு மதிப்பு அதிகம். பாராமெட்ரிக்கில் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வீட்டுக்காரர் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்.

ஸ்கெட்ச்அப்பில் காம்போனென்ட் என்று ஒன்று உண்டு. ஒரே மாதிரியான பாகங்களில் ஒன்றைத் திருத்தினால் மற்ற நகல்களும் கூடவே திருந்தும். நான்கு தட்டில் ஒன்றில் காடி எடுத்தால் நான்கிலும் வரும். இது முழுப் பாராமெட்ரிக் ஆகாது. ஆனாலும் மரவேலைக்குப் பாதி உதவி இதிலேயே கிடைத்துவிடும். ஒவ்வொரு பலகையையும் தனித்தனி காம்போனென்ட்டாக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு பலகை இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும், ஒன்றை இழுத்தால் இரண்டும் வரும். காம்போனென்ட்டாகப் பிரித்து வைத்திருந்தால் கணினியில் நிறுவும் ஸ்கெட்ச்அப்பில் ஓப்பன்கட்லிஸ்ட் என்ற இலவச இணைப்பைப் போட்டு, வெட்டுப் பட்டியலும் 8×4 பிளைவுட் தாளில் எப்படி அடுக்கி வெட்டுவது என்ற படமும் எடுக்கலாம். அதில் ரம்பம் தின்னும் அகலத்தையும் கொடுக்க வேண்டும். டேபிள் ரம்பத்துக்கு அது ஏறக்குறைய ஒரு நூல், 3 மி.மீ. பக்கம் வரும். இதைப் பூஜ்யமாக விட்டால் கடைசிப் பலகை குறையும்.

ஸ்கெட்ச்அப்பை வளைவுக்கான மென்பொருள் என்று நினைப்பதுதான் தவறு. அதற்கு வட்டம் என்பதே தெரியாது என்று சொல்லலாம். நீங்கள் போடும் வட்டம், எதையும் மாற்றாவிட்டால் 24 நேர்கோடுகளால் ஆனது. அலமாரிக்கு அது பொருட்டல்ல. மேசையின் வட்ட மேற்பலகையை அப்படியே சிஎன்சி ரவுட்டருக்கு (கணினிக் கோப்பைப் பார்த்து மரம் வெட்டும் இயந்திரம்) கொடுத்தால் விளிம்பில் பட்டை பட்டையாகத் தெரியும். வட்டம் போடுவதற்கு முன்னால் பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உண்மையான ஃப்ரீஃபார்ம்

இரண்டாவது வகைதான் சரியான அர்த்தத்தில் ஃப்ரீஃபார்ம். சாய்வு நாற்காலியின் கை, குழந்தைக்கான மரக்குதிரை, தலைவாசல் கதவில் வரும் மயில். இவற்றை எண்ணால் சொல்ல முடியாது. முழங்கை உட்காரும் இடத்தில் எவ்வளவு குழிய வேண்டும் என்பதைப் பார்த்தும் தடவியும்தான் முடிவு செய்கிறோம்.

இதற்கு கணினியில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மெஷ்: சின்னச் சின்ன தட்டை முகங்களை வலை போலப் பின்னி உருவம் செய்வது. பிளெண்டர் இந்த வழி. இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். நாற்காலிக் கையை ஒரு நீளமான பெட்டியாகத் தொடங்கி, நடுவில் நாலைந்து வெட்டு போட்டு, புள்ளிகளைப் பிடித்து நகர்த்துவீர்கள். வழுவழுப்பாக்கும் கட்டளையைப் போட்டால் மென்பொருள் அந்த முரட்டுப் பெட்டிக்குள் ஒரு மென்மையான உருவத்தைக் காட்டும். ஒரு புள்ளியைக் கீழே இழுத்தால் சுற்றியிருப்பதும் கூடவே குழியும்.

மற்றொன்று நர்ப்ஸ்: வளைவை முகங்களாக உடைக்காமல், சில கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் இழுக்கப்படும் கணித வளைவாகவே வைத்துக்கொள்வது. ரைனோ இந்த வழியில் பெயர் பெற்றது. இந்த வளைவுகளின் பூர்வீகமே மரம்தான். கப்பல் கட்டுபவர்கள் மெல்லிய மரப் பட்டியை வளைத்து, அங்கங்கே எடை வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு போட்டார்கள். 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் பிரான்சின் கார் நிறுவனங்களில், ரெனோவில் பியேர் பெசியேவும் சித்ரோயனில் பால் தெ காஸ்தெல்ஜோவும், கணினிக்கு ஏற்ற வளைவுக் கணக்கைத் தனித்தனியாக உருவாக்கினார்கள். இன்றும் ஆர்ச் வரைய மூன்று ஆணி அடித்து, ஒரு பிளைவுட் பட்டியை அதில் வளைத்து வைத்துக் கோடு இழுக்கும் ஆசாரிகளைப் பார்க்கலாம். ரைனோவில் செய்வதும் அதைத்தான்.

எல்லா வளைவும் ஃப்ரீஃபார்ம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய தொட்டிக்கட்டு வீடுகளில் நிற்கும் கடைசல் தூணைப் பாருங்கள். குமிழும் கழுத்துமாக எவ்வளவு வளைவு இருந்தாலும், ஒரு பக்கக் கோட்டை வரைந்து நடு அச்சைச் சுற்றிச் சுழற்றினால் தூண் வந்துவிடும். அதை எண்ணாலேயே முழுதாகச் சொல்லலாம். அதனால் பாராமெட்ரிக்கில் சுலபம். ஒரு தூண் செல்லரித்துப் போய் அதற்கு ஜோடி செய்ய வேண்டுமென்றால், இடத்துக்கு இடம் விட்டத்தை அளந்து போட்டாலே போதும்.

இதுவரை பார்த்தது: எண்ணும் விதியும் ஆளும் பாராமெட்ரிக், முகத்தைப் பிடித்துத் தள்ளும் டைரக்ட், கண்ணால் உருவத்தைத் தேடும் ஃப்ரீஃபார்ம் என மூன்று. வளைவு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

இந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள சுவர்கள் அவ்வளவு உயரமில்லை. ஃப்யூஷன் பாராமெட்ரிக் மென்பொருள்தான், அதற்குள்ளேயே களிமண்ணைப் பிசைவது மாதிரி உருவம் செய்யும் பகுதி ஒன்று இருக்கிறது. ரைனோவுக்குள் இருக்கும் கிராஸ்ஹாப்பர், ஃப்ரீஃபார்ம் வளைவையே எண்ணால் ஆட்டுவிக்கும். தொடங்கும்போது இதற்குள் போக வேண்டாம், இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இரண்டும் சேரும் இடம்: வார்ப்படத்துக்கான பேட்டர்ன்

கோவையின் மரவேலையில் வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு கிளை உண்டு. ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்வது. பம்பின் கேசிங் (வெளிக்கூடு) எந்த உருவத்தில் வர வேண்டுமோ அதை முதலில் மரத்தில் செய்து, மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு ஒரு நூல், ஏறக்குறைய 1 சதவீதம். அலுமினியத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதனால் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். கடைசலிலும் மில்லிங்கிலும் போகப்போகும் முகங்களுக்குக் கூடுதல் சதை விட வேண்டும். மணலைக் குலைக்காமல் வெளியே வர, நேர்ப் பக்கங்களுக்குக் கொஞ்சம் சாய்வும் வேண்டும்.

அலமாரியை ஸ்கேல் செய்யக்கூடாது என்று மேலே சொன்னேன். இங்கே சுருக்கத்துக்கு முழு உருவத்தையும் ஒரே விகிதத்தில் ஸ்கேல் செய்வதுதான் சரி. ஆனால் கடைசலுக்கு விடும் சதை ஒவ்வொரு முகத்துக்கும் தனி எண். சாய்வு ஒரு கோணம். மூன்றையும் பாராமீட்டராக வைத்துக்கொண்டால், இரும்புக்குச் செய்ததை அலுமினியத்துக்கு மாற்ற ஒரு எண்ணைத் திருத்தினால் போதும். அதேநேரம் கேசிங்கின் நத்தைக்கூடு போன்ற சுற்றை வழுவழுப்பாகக் கொண்டுவர நல்ல வளைவுக் கருவியும் வேண்டும். டிசைன் பிரிவு அண்ணன் பாராமெட்ரிக்கை அவ்வளவு உறுதியாகச் சொல்வது ஏன் என்று இதைப் பார்த்தால் புரியும். அவர் பார்த்த மரவேலை அதுதான்.

மரம் அசையும்

எந்த மென்பொருளைத் திறந்தாலும் அதில் மரம் அசையாத ஒரு கட்டி. பலகை அகலவாட்டில் ஈரத்துக்கு விரியும், வறட்சிக்குச் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து அடிக்கும் பொள்ளாச்சிப் பக்கத்தில், மழைக்காலத்தில் கதவு சட்டத்தோடு இறுகிக்கொள்வது எல்லோரும் பார்த்ததே. சித்திரை வெயிலில் அதே கதவு லேசாக ஆடும்.

அதனால்தான் தேக்குக் கதவில் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டாமல், காடிக்குள் மிதக்க விடுகிறார்கள். வரைபடத்தில் அந்த இடைவெளியை நீங்களே போட வேண்டும். எனக்குப் பிடித்த முறை, அதற்கும் ஒரு பாராமீட்டர் வைத்துவிடுவது: 'மரஅசைவு' என்று பெயர் கொடுத்து, அறுத்துக் காய்ந்த பலகையா, இன்னும் ஈரம் இருக்கும் பலகையா என்பதைப் பார்த்து அதன் எண்ணை மாற்றுவது. பிளைவுட்டில் இந்த அசைவு மிகக் குறைவு, ஏனென்றால் அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருக்கிறது.

சரி, எதில் தொடங்குவது?

நீங்கள் செய்யப்போவது பிளைவுட் அலமாரி, சமையலறைப் பெட்டி, டிராயர், கட்டில் என்றால், அதே மாதிரியைப் பல அளவுகளில் திரும்பத் திரும்பச் செய்வீர்கள் என்றால், பாராமெட்ரிக்கில் தொடங்குங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். இரண்டாவது அலமாரியில் அதன் பலன் தெரியும். காசு செலவில்லாமல் தொழிலுக்கும் பயன்படுத்த வேண்டுமென்றால் ஃப்ரீகேட். அளவுகளை ஒரு விரிதாளில் எழுதி மாடலோடு இணைக்கலாம், மரவேலைக்கென்றே ஒரு சேர்க்கையும் கிடைக்கிறது. ஃப்யூஷன் பழக இன்னும் இதமானது. ஆனால் அதன் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்க முடியும். ஆன்ஷேப் பிரவுசரிலேயே ஓடும். இலவசக் கணக்கில் போடும் வரைபடம் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்கும், வாடிக்கையாளர் வேலைக்கு அது ஒத்துவராது.

ஒரு அறைக்கு ஒரு வேலை, வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும் என்றால் ஸ்கெட்ச்அப். பிளாஸ்டரிங் முடிவதற்கு முன்னால் எடுத்த அளவும் பின்னால் எடுத்த அளவும் ஒத்துப்போகாது. ஆகவே சம்மதம் வாங்க ஸ்கெட்ச்அப்பில் காட்டிவிட்டு, கடைசி அளவு எடுத்த பிறகு வெட்டுவதற்கான வரைபடத்தைப் பாராமெட்ரிக்கில் போடுவதுதான் என் பரிந்துரை. இரண்டையும் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பவருக்குப் பலகை குறைவாகத்தான் வீணாகும்.

நாற்காலி, பொம்மை, செதுக்கல் என்றால் பிளெண்டரோ ரைனோவோ. கையால் செய்பவர்களுக்கு முழு மாடல்கூடத் தேவைப்படாது. பக்கவாட்டுத் தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் அசல் அளவில் அச்செடுத்து, 6 மி.மீ. பிளைவுட்டில் ஒட்டி அறுத்து அச்சுப்பலகை செய்துகொண்டால் போதும். மீதியை உளியும் அரமும் பார்த்துக்கொள்ளும்.

சிஎன்சி கடைக்குப் போகிறவர்கள் வரையத் தொடங்கும் முன்பே அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தட்டையாக வெட்டும் பலகைக்கு டிஎக்ஸ்எஃப் கோப்பு கேட்பார்கள், செதுக்கலுக்கு எஸ்டிஎல். ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு முழு உருவத்தைக் கொண்டுபோக ஸ்டெப் கோப்பு உதவும். ஆனால் அதில் உருவம் மட்டும்தான் போகும், நீங்கள் எழுதிய பாராமீட்டரும் ஹிஸ்டரியும் கூடப் போகாது. ஆகவே அசல் கோப்பை உங்களிடமே வைத்துக்கொண்டு, கடைக்குக் கொடுக்கும் கோப்பின் பெயரில் அளக்கப்பட்ட பிளைவுட் தடிமனையும் சேர்த்து எழுதிவிடுங்கள். அடுத்த லோடு வேறு தடிமனில் வந்தால் பழைய கோப்பை எடுத்து வெட்டிவிட மாட்டார்கள்.